கடை மூடியாச்சு

மறுநாள் காலை ஏழு மணிக்கு அக்காவை மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். வலது காதுக்குப் பின்னால் எலும்பை ஏதோ அரித்துக்கொண்டிருக்கிறது, விட்டால் மூளைக்குப் போகும் என்றார் மருத்துவர். அறுத்துச் சுத்தம் செய்தால் உயிருக்குப் பயமில்லை. கேட்குமா என்பதற்கு மட்டும் உறுதி சொல்ல முடியாது என்றார். வேறொருவருக்கு என்றால் இது பாதி இழப்பு. அக்காவுக்கு இடது காது ஒன்பது வயதிலேயே போய்விட்டது. மிச்சம் இருப்பது இந்த ஒன்றுதான்.

தங்கை முதல் நாளே வந்து இறங்கினாள். துணைக்கு என்று சொல்லிக்கொண்டாள். துணை ஒரு சாக்கு. நாற்பது வருடமாக நெஞ்சில் கிடந்த ஒன்றை, கேட்கிற காது இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தாள்.

அப்பாவும் அம்மாவும் போன பிறகும் இருவரும் வளர்ந்த அந்தப் பழைய அறையை விட்டு அக்கா நகரவில்லை. சுவரோரம் அக்காவின் கட்டில், கதவோரம் தங்கையின் கட்டில். நடுவில் ஒருக்களித்து நடக்கிற அளவுக்கு இடம். தங்கையின் கட்டிலில் இப்போது இஸ்திரி போட்ட துணிகள் அடுக்கியிருந்தன. அக்கா அவற்றை அள்ளி நாற்காலியில் போட்டாள்.

"பெரிய ரூம் காலியாத்தானே கிடக்கு. அங்க படுத்தா என்னக்கா?"

"அது அப்பா ரூம். செருப்போட போனா திட்டுவாரு."

"அப்பா போய் பதினோரு வருஷம் ஆச்சு."

"திட்டு இன்னும் போகலையே."

அக்கா மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்ப்பவள். ஊருக்கெல்லாம் கண் கொடுக்கிறேன், எனக்கு ஒரு காது கொடுக்க நாதியில்லை என்று சிரிப்பாள். பையில் துண்டு, மாற்றுப் புடவை, மருத்துவச் சீட்டுகள் எல்லாம் எடுத்து வைத்தாள். கடைசியாக ஒரு கோடு போட்ட நோட்டும் சீவிய இரண்டு பென்சில்களும்.

"இது எதுக்கு?"

"நாளைக்கு அப்புறம் எல்லாரும் எழுதித்தானே காட்டணும்? உனக்கென்ன கவலை. நீ டைப் அடிச்சே காட்டிடுவே."

தங்கை நீதிமன்றத்தில் தட்டச்சு செய்பவள். கூண்டில் நிற்பவர்கள் சொல்வதை வரி பிசகாமல் அடிப்பது இருபது வருட வேலை. அழுதுகொண்டே சொன்ன வார்த்தையும் காகிதத்தில் ஏறியதும் மற்ற வார்த்தைகளைப் போலவே ஆகிவிடும் என்று அவளுக்குத் தெரியும். இதை எழுதிக் காட்ட முடியாது.

அவளுக்கு ஆறு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தது. கன்னம் இரண்டும் பந்தாக வீங்கிக் கிடந்தாள். ஒட்டிக்கொள்ளும் என்று அம்மா அக்காவை முன்னறைக்கு மாற்றினாள். இவள் வெளியே வரக் கூடாது, அவள் உள்ளே காலடி வைக்கக் கூடாது என்று உத்தரவு. இரண்டாம் நாள் தங்கை கதவிடுக்கில் வாய் வைத்துக் கூப்பிட்டாள்: "அக்கா, என் கட்டிலுக்கு அடியில யாரோ இருக்காங்க." சுத்தப் பொய். அக்கா வந்தாள். கன்னத்தோடு கன்னம் வைத்துப் படுத்தாள். மூன்று வாரம் கழித்து அக்காவுக்கும் வீங்கியது. வீக்கம் வடிந்தது, இடது காது திரும்பவில்லை.

"போகாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, ஏன்டீ போனே?" என்று அம்மா அக்காவை உலுக்கி உலுக்கிக் கேட்டாள். அக்கா வாயைத் திறக்கவில்லை. கதவுக்குப் பின்னால் நின்றிருந்த ஆறு வயதுக்காரியும் திறக்கவில்லை.

அதன் பிறகு அந்த அறைக்கு ஒரு சட்டம் வந்தது. பேச்சுப் போதும் என்று தோன்றினால் அக்கா "கடை மூடியாச்சு" என்பாள். சொல்லிவிட்டு, கேட்கிற வலது காதைத் தலையணையில் புதைத்துச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பாள். மேலே தெரிவது கேட்காத காது. இரண்டு பேர் வளர்கிற அறையில் ஒருத்திக்கு மட்டும் வாய்த்த தனியறை அது. தங்கைக்கு அது வேறு விதமாகப் பயன்பட்டது. கட்டில் விளிம்பில் வந்து உட்கார்ந்து, குனிந்து, அந்தக் காதில் எல்லாவற்றையும் சொல்வாள். உடைத்த பேனா, மறைத்த மதிப்பெண், பிடித்த பையன், பிடிக்காமல் சம்மதித்த கல்யாணம். கதவிடுக்கில் சொன்ன பொய்யை நூறு தடவையாவது சொல்லியிருப்பாள். சொன்னதாகவும் இருக்கும், யாரும் கேட்டதாகவும் இருக்காது. பாதி வயிறு சாப்பாடு போல அதிலேயே காலம் ஓடிவிட்டது.

மதியம் சாப்பிட்டுவிட்டு இருவரும் படுத்தார்கள். ஜன்னல் வழியாக வந்த வெயில் இரண்டு கட்டில்களுக்கும் நடுவில் விழுந்து கிடந்தது. தங்கை தொண்டையைச் செருமினாள். "அக்கா" என்று சொல்லிவிட்டு நிறுத்தினாள். அக்கா காத்திருந்தாள். வெகுநேரம் கழித்து அக்கா, "கடை மூடியாச்சு" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தங்கைக்குக் கால் தானாக எழுந்தது. இருநூறு மைல் பஸ்ஸில் வந்தவள் மறுபடியும் அதே விளிம்பில் உட்கார்ந்து, அதே கேட்காத காதில் குனிந்து சொல்லத் தொடங்கினாள். பாதி சொல்லியிருப்பாள்.

"கழுத்துல மூச்சுப் படுது," என்றாள் அக்கா, சுவரைப் பார்த்தபடியே. "சின்னப் பிள்ளையிலேர்ந்து பட்டுக்கிட்டுதான் இருக்கு. நீ என்னமோ சொல்றேன்னு தெரியும். என்னன்னு தெரியாது."

அக்கா மெல்லத் திரும்பினாள். கேட்காத காதைத் தலையணையில் வைத்து, வலிக்கிற காதை மேலே காட்டிப் படுத்தாள்.

"இந்தா, திறந்திருக்கு. சொல்லு."

தங்கை சொன்னாள். கதவிடுக்கையும் பொய்யையும், அம்மா உலுக்கியதையும், கதவுக்குப் பின்னால் தான் நின்றதையும். கூண்டில் நிற்பவர்கள் ஏன் அடிக்கடி தண்ணீர் கேட்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

அக்கா கண்ணை மூடியிருந்தாள். வெயில் கட்டில் காலில் ஏறியது.

"உன் கட்டிலுக்கு அடியில மூணு இரும்புப் பெட்டி இருந்துச்சு," என்றாள் பிறகு. "ஒரு எலி புக இடம் கிடையாது. ஆள் எப்படி இருப்பான்? பொய்னு தெரிஞ்சுதான் வந்தேன். முன்னறையில தனியாப் படுக்க எனக்குப் பயம்."

"அப்புறம் ஏன் அம்மாகிட்ட சொல்லல?"

"சொன்னா ரெண்டு பேரையும் ரெண்டு ரூமாப் பிரிச்சிடுவாங்கன்னு நினைச்சேன்."

முன்னறையில் பயந்தது உண்மையா, தங்கைக்காக இப்போது இட்டுக்கட்டியதா என்று அந்த முகத்தில் படிக்க முடியவில்லை. சாட்சிகளின் முகங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கும் பிடிபடவில்லை.

"காது போனதுக்கு உன் மேல கோபமில்லடீ," என்றாள் அக்கா. குரல் தணிந்திருந்தது. "இன்னொரு காது நல்லாத்தானே இருந்துச்சு, இத்தனை வருஷமும். ஒரு தடவை இந்தப் பக்கம் வந்து பேசியிருக்கலாம். அதுக்குத்தான் கோபம். அது போகாது."

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அக்காவின் கை நீண்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தது. கண்ணாடித் தூள் அறுத்து அறுத்துக் காய்த்துப்போன விரல்கள்.

"வேற என்னெல்லாம் சொன்னே, அந்தப் பக்கம்?"

"நிறைய."

"நாளைக்குக் காலைல ஏழு மணி வரைக்கும் திறந்திருக்கும். முதல்லேர்ந்து சொல்லு."

தங்கை யோசித்தாள். கையை விடுவிக்காமல் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள்.

"உன் பச்சைப் பேனாவை உடைச்சது நான்தான்."

"அது தெரியும். அடுத்தது."