கைமாற்றாக வாங்கிய அத்தியாயம்

பேராசிரியர் வெள்ளைத்துரை லேசில் யாரையும் புகழ்ந்துவிட மாட்டார். முன்னுரை கேட்டுப் போனவர்களிடமே, "எழுதாமல் இருந்திருக்கலாமே" என்று சொல்லி அனுப்பிய மனிதர். அப்பேர்ப்பட்டவர் மயிலாப்பூரில் ஒரு சபாவின் மாடி ஹாலில் சுலோச்சனாவின் புது நாவலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, "இதில் பதின்மூன்றாம் அத்தியாயம் இருக்கிறதே, மற்றதெல்லாம் ஆராய்ச்சி, இது ஒன்றுதான் ரத்தமும் சதையும்!" என்றார். ஹாலில் கைதட்டல் எழுந்தது. மேடையில் உட்கார்ந்திருந்த சுலோச்சனாவுக்கோ அப்படியே எழுந்து வீட்டுக்கு ஓடிவிடலாமா என்றிருந்தது.

ஏனென்றால் பதின்மூன்றாம் அத்தியாயத்தை அவள் எழுதவில்லை.

எழுதியவர் பக்கத்து நாற்காலியில், ஒன்றுமே தெரியாதவர் போல மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் சித்தார்த்தன். பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் கிளிப் போட்டுத் தொங்குமே, துப்பாக்கியும் பாதி முகமும் அட்டையில் போட்ட மாத நாவல்கள், அவற்றில் பாதி அவர் எழுதியவைதான். அன்று அவருடைய புத்தகமும் வெளியாகிறது. சரித்திர நாவல் ஒன்று, மர்ம நாவல் ஒன்று, இரண்டுக்கும் சேர்த்து ஒரே விழா, ஒரே மாலை, ஒரே கேசரி. பதிப்பாளர் மெஹபூப் பாஷா அந்த மாதிரி விஷயத்தில் கெட்டி.

இந்தக் கோளாறு ஆரம்பித்ததும் பாஷாவின் சிக்கனத்தால்தான். தியாகராய நகரில் பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் அவருடைய பதிப்பகம். புரூஃப் திருத்துவதற்கு அங்கே ஒரே மேசை, ஒரே விசிறி. எந்த எழுத்தாளர் வந்தாலும் அந்த மேசையில்தான் உட்கார வேண்டும். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுத்துவிட்டு மாலையில் வருகிற சுலோச்சனாவும், ராயப்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வருகிற சித்தார்த்தனும் எதிரெதிரே உட்கார்ந்து, காற்றில் பறக்கிற காகிதங்களை ஆளுக்கொரு கையால் அமுக்கிக்கொண்டு, இத்தனை வருஷத்தில் நல்ல சிநேகிதர்களாகிவிட்டார்கள். அவளுடைய அரசிகளை அவர் கிண்டலடிப்பார். அவருடைய இன்ஸ்பெக்டர்கள் சாப்பிடுவதே இல்லையே என்று அவள் கவலைப்படுவாள்.

சுலோச்சனாவிடம் ஒரு குறை உண்டு. அவளுக்குக் கொல்லத் தெரியாது. அவளுடைய நாவல்களில் யார் செத்தாலும் இரண்டு அத்தியாயங்களுக்கு நடுவில்தான் சாவார்கள். ஒன்றில் படை புறப்படும், அடுத்ததில் பட்டத்துக்கு இளவரசன் தயாராக இருப்பான். இந்த நாவலில் அது செல்லுபடியாகவில்லை. கிழட்டு மன்னனுக்கு அவன் வைத்தியனே விஷம் கொடுக்கிற இடம்தான் கதையின் உயிர். எழுதி எழுதிக் கிழித்தாள். ஒருநாள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது சித்தார்த்தன், "குடுங்க டீச்சர், நான் கொன்னுத் தரேன்" என்றார்.

வேடிக்கையாகச் சொன்னார் என்று நினைத்தாள். மறுநாள் அத்தியாயம் வந்துவிட்டது. மன்னன் கிண்ணத்தை முகர்ந்து பார்க்கிறான். வைத்தியனின் கை நடுங்குவதைப் பார்க்கிறான். வைத்தியனின் பிள்ளை எதிரியிடம் பிணையாக இருப்பது அந்தக் கணத்தில் மன்னனுக்குப் புரிந்துவிடுகிறது. "கசக்குமா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் குடிக்கிறான். சுலோச்சனா அங்கேயே அழுதுவிட்டாள்.

சும்மா வாங்கிக்கொள்ள அவளுக்கு மனசு வரவில்லை. "நான் என்ன பண்ணித் தரணும் உங்களுக்கு?" என்றாள்.

"ஒம்போதாவது சாப்டர்ல மாட்டிக்கினு கீறேன் டீச்சர். இன்ஸ்பெக்டர் அவன் பொண்டாட்டிய ஆசையா நெனைக்கிற மாதிரி ஒரு எடம் வேணுமாம். டிவியில தெனமும் குடும்பக் கதையா ஓடுது, நம்மளும் கொஞ்சம் குடும்பம் போடணும்னு பாய் உயிரை எடுக்குறாரு. எனக்கு அது வராது. நான் எழுதினா ரெண்டு வரியில போன் அடிச்சுடுது."

"சரி, நீங்க உங்க ஆத்துக்காரி தேவானைக்கு என்ன பண்ணுவேள், சொல்லுங்கோ. ஆசையா எதாவது?"

"நானா? ஒண்ணும் பண்ண மாட்டேன்."

அவள் விடவில்லை. நாற்பது பிள்ளைகளிடமிருந்து தினமும் உண்மையை வரவழைக்கிறவள். பேனாவை மூடி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சித்தார்த்தன் புரூஃப் காகிதத்தின் ஓரத்தைக் கிழித்து உருட்டினார். இன்னொரு ஓரத்தையும் கிழித்தார். கடைசியில் காகிதத்தைப் பார்த்துச் சொன்னார்.

"தூங்கினப்பறம் காலைப் புடிச்சு வுடுவேன், கட்ட வெரல்லேர்ந்து குதிங்கால் வரைக்கும். பொடவைக் கடையில நாள் பூரா நிக்கிறா இல்ல, ஒக்காரக் கூடாதுன்னு சட்டம் அங்க. வீங்கிப் போயிருக்கும். அவளுக்குத் தெரியாது டீச்சர். தெரிஞ்சா எனக்கு ஒரு மாதிரி ஆயிடும். இதெல்லாம் கதைக்கு ஒதவுமா இன்னா?"

உதவியது. இன்ஸ்பெக்டரின் மனைவியை நர்ஸ் ஆக்கி, வார்டு வார்டாக நிற்க வைத்து, வீட்டுக்கு வந்து அசந்து தூங்க வைத்து, அவள் காலடியில் அந்த முரட்டு மனிதனை உட்கார வைத்து, சுலோச்சனா ஒன்பதாவது அத்தியாயத்தை எழுதிக் கொடுத்தாள். பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் காபிப்பொடி வாங்கித் திருப்பிக் கொடுக்கிற மாதிரி விஷயம் முடிந்தது. வெளியே சொல்ல வேண்டாம் என்று பேச்சு.

அந்தக் காபிப்பொடிதான் இப்போது வெள்ளைத்துரை வாயில் மணக்கிறது.

"எனக்கு மனசு கேக்கலை. கேள்வி நேரத்துல சொல்லிடப் போறேன்" என்று அவள் பக்கத்து நாற்காலியிடம் கிசுகிசுத்தாள்.

"சொல்லுங்க டீச்சர். எனக்கு இன்னா போச்சு? என்னோடதையும் சேத்து வுட்டுருங்க" என்றார் சித்தார்த்தன். அவருக்கு நிஜமாகவே கவலை இல்லை. அதில் சுலோச்சனாவுக்குப் பாதி பாரம் இறங்கியது.

இடைவேளையில் கேசரித் தட்டோடு நின்றவளைத் தேடிக்கொண்டு தேவானை வந்தாள். கடையிலிருந்து நேரே வந்திருக்கிறாள் போல, உடம்பில் கடையின் மாம்பழக் கலர் யூனிஃபார்ம் புடவை. ஹாலில் எத்தனையோ நாற்காலி காலி. அவள் மட்டும் கூட்டம் ஆரம்பித்ததிலிருந்து சுவரோரம் நின்றுகொண்டிருந்ததை சுலோச்சனா மேடையிலிருந்தே கவனித்திருந்தாள். நின்று நின்று பழகிப்போய்விட்டது பாவம்.

"டீச்சர், அவரு புஸ்தகத்த இதுவரைக்கும் நான் முழுசாப் படிச்சதே இல்ல. ரத்தம் வந்தா மூடி வெச்சுருவேன். நேத்து இது வூட்டுக்கு வந்துது, கடையில வெச்சே படிச்சுட்டேன்" என்றாள் தேவானை. "அந்தக் கால் புடிக்கிற எடம் வருது பாருங்க..."

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ஸ்டாக் ரூமுக்குள்ள போயி அழுதுட்டேன் டீச்சர். சூப்பர்வைசர் வந்து இன்னான்னு கேட்டான். கண்ல தூசுன்னேன். கல்யாணம் ஆன நாளா அந்த மனுசன் வாயால ஒரு நல்ல வார்த்த கேட்டதில்ல. இப்ப நாலு பேர் படிக்கிற மாதிரி புஸ்தகத்துல வந்துகீது. இன்னிக்கி லீவு குடுக்க மாட்டேன்னான், சண்ட போட்டு வந்தேன்."

சுலோச்சனாவின் கையில் கேசரி ஆறிப்போனது. இந்தப் பெண் தன் புருஷன் எழுதியது என்று நெஞ்சில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். தான் மைக்கைப் பிடித்து உண்மை பேசினால் என்ன ஆகும்? மன்னனுக்கு விஷம் யார் கொடுத்தது என்று சொன்னால், பதிலுக்கு நீங்கள் என்ன கொடுத்தீர்கள் என்று அடுத்த கேள்வி வராமலா இருக்கும்? பெரிய சத்தியசந்தை மாதிரி தன் மனசைச் சுத்தம் பண்ணிக்கொள்வதற்காக, வாழ்க்கையில் முதல் தடவை கிடைத்த சந்தோஷத்தை இவளிடமிருந்து பிடுங்குவதா? வேண்டாம். பொய்யோ மெய்யோ, வாயை மூடிக்கொண்டு வீடு போய்ச் சேரலாம் என்று தீர்மானித்துவிட்டாள்.

மறுபடி மேடை ஏறும்போது சித்தார்த்தனிடம், "வேண்டாம், சொல்லலை" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. காரணம் சொல்வதற்குள் பாஷா மைக்கைத் தட்ட ஆரம்பித்துவிட்டார். சித்தார்த்தன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். டீச்சர் பயந்துவிட்டார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டது அவளுக்குத் தெரியாது.

முதல் கேள்வியே அதுதான். ஸஹானா என்று ஒரு கல்லூரிப் பெண், அடையாறிலிருந்து இதற்காகவே வந்தவள், பின் வரிசையில் எழுந்து நின்றாள். "மேடம், ராஜா விஷம்னு தெரிஞ்சே குடிக்கிறாரே, அந்த சீன் உங்களுக்கு எப்படித் தோணித்து?"

"அது வந்து..." என்றாள் சுலோச்சனா. சுவரோரம் மாம்பழக் கலர் தெரிந்தது. "நிறையப் படிச்சேன். சில கல்வெட்டு... அந்தக் கால வைத்திய முறை..." காப்பியடித்த பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றியவள் அவள். இப்போது தானே பெஞ்சு மேல் நிற்பது போலிருந்தது. தண்ணீர் எடுத்துக் குடித்தாள். அதற்கப்புறமும் வார்த்தை வரவில்லை. முன்வரிசையில் வெள்ளைத்துரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சித்தார்த்தனால் பார்க்க முடியவில்லை. எட்டி மைக்கை எடுத்துக்கொண்டார்.

"டீச்சருக்குப் பொய் வராதும்மா. அது நம்ம தொழிலு. அந்தப் பதிமூணாவது சாப்டர் நான் எழுதினது. என் புஸ்தகத்துல ஒம்போதாவது சாப்டர் டீச்சர் எழுதினது. எனக்குக் கொல்ல வரும், கொஞ்ச வராது. அவங்களுக்கு அது மாறிக் கீது. கைமாத்தா வாங்கிக்கினோம், அவ்ளோதான். நல்லா இருந்தா ரெண்டு பேரையும் பாராட்டுங்க."

எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கிளம்பி ஹால் முழுக்கப் பரவியது. வெள்ளைத்துரை சர்க்கரை போடாத காபியைக் குடித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். பாஷா தலையில் கையை வைத்துக்கொண்டார். அந்தக் கை சீக்கிரமே கீழே இறங்கிவிட்டது. ஜனங்கள் ஒன்பதையும் பதின்மூன்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வாசல் மேசையில் இரண்டு புத்தகத்தையும் சேர்த்து வாங்க ஆரம்பித்திருந்தார்கள்.

சுலோச்சனா இதொன்றையும் பார்க்கவில்லை. தேவானையைத்தான் பார்த்தாள். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்திருந்தாள். தோள் குலுங்கியது. நிமிர்ந்து மேடையை ஒரு தடவை பார்த்தாள், பிறகு மாடிப்படி பக்கம் போய்விட்டாள்.

நன்றியுரை முடிகிறவரைக்கும் சுலோச்சனாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கையெழுத்து கேட்டு வந்தவர்களை, "இதோ வந்துடறேன்" என்று தள்ளிக்கொண்டு கீழே இறங்கினாள். படிக்கட்டுக்கு அடியில், ஸ்கூட்டர்கள் நிறுத்தியிருந்த இடத்தில், தேவானை நின்றிருந்தாள்.

"தேவானை, நான் சொல்றதைக் கேளு. எழுதினதுதான் நான், ஆனா அது..."

"எனக்குத் தெரியும் டீச்சர்."

"என்ன தெரியும்?"

"படிக்கிறப்பவே தெரியும் நீங்க எழுதினதுன்னு. அவரு எழுதினா ரெண்டு வரி யாரையாவது சும்மா ஒக்கார வுடுவாரா? எவனாவது கத்தியெடுத்துக்கினு வந்துர மாட்டான்?" தேவானை சிரித்தாள். கண் மட்டும் இன்னும் ஈரமாக இருந்தது. இவள் மாடியில் குலுங்கியதும் சிரித்துத்தானா என்று சுலோச்சனாவுக்குச் சந்தேகம் வந்தது.

"பின்னே எதுக்குடி ஸ்டாக் ரூம்ல போய் அழுதே?"

"காலைப் புடிக்கிறது எங்க வூட்டுக்குள்ள நடக்குறது டீச்சர். கட்ட வெரல்லேர்ந்து ஆரம்பிச்சு குதிங்கால் வரைக்கும், அப்படியேதான் எழுதிகீறீங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்? அவருதான் சொல்லிருக்கணும். எங்கிட்ட ஒரு வார்த்த பேசாத மனுசன் என்னப் பத்தி ஒக்காந்து ஒருத்தர்கிட்ட சொல்லிகீறாரு. அத நெனச்சுதான் அழுதேன்."

சுலோச்சனா தேவானையின் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது.

"இரு. நீ தூங்கிண்டு இருக்கேன்னு இல்லே அவர் நெனைச்சுண்டிருக்கார்?"

தேவானை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எங்க தூங்குறது? மொத நாளே முழிச்சுக்கினேன். கண்ணத் தொறந்தா வெக்கப்பட்டு வுட்டுருவாரு டீச்சர். அதான் இத்தினி வருசமா தூங்குற மாதிரியே கெடக்குறேன். அவருகிட்ட சொல்லிராதீங்க."

சித்தார்த்தன் கைநிறைய மாலையும் சால்வையுமாக இறங்கி வந்தார். வண்டியை வெளியே இழுத்தபடி, "இன்னா, ரெண்டு பேரும் ரகசியம் பேசிக்கினு கீறீங்க?" என்றார்.

"ஒண்ணும் இல்ல. காலு வலிக்குதுன்னேன்" என்றாள் தேவானை.

"வலிக்காம இன்னா பண்ணும்? அத்தினி சேர் காலியாக் கெடந்துது, ஒக்கார வேண்டிதுதானே? சொன்னா கேக்குறதே இல்ல." கடுகடுவென்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை உதைத்தார். "வரேன் டீச்சர். அடுத்த புஸ்தகத்துல யாரக் கொல்லணுமோ சொல்லுங்க."

மாலையை மடியில் வைத்துக்கொண்டு தேவானை பின்னால் ஏறி உட்கார்ந்தாள். அன்று முழுக்க அவள் உட்கார்ந்தது அப்போதுதான். வண்டி தெருமுனை திரும்புகிறவரை சுலோச்சனா பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் இன்னும் எதையோ திட்டிக்கொண்டே ஓட்டினார். அவள் அவர் முதுகில் சாய்ந்து, இப்போதே கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.