மூணாம் மாடிப் பாட்டுக்கு என்ன அர்த்தம்

1

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. என் வாயில் மிச்சமிருக்கும் பற்களின் மேல் ஆணை. எத்தனை பற்கள் மிச்சம் என்று மட்டும் கேட்கக் கூடாது. கதை எழுதுகிறவன் சத்தியம் செய்தாலே சந்தேகப்பட வேண்டும் என்று நீங்கள் நினைப்பீர்கள். தாராளமாக நினையுங்கள். நினைத்துக்கொண்டே படித்தால் ஒன்றும் கெட்டுப்போகாது.

கதை எனக்குக் கிடைத்த இடம் ஒரு பல் மருத்துவரின் காத்திருப்பு அறை. சுவரோரம் நாற்காலிகள், மீன் இல்லாத ஒரு மீன்தொட்டி, அட்டை கிழிந்த வாரப் பத்திரிகைகள். கூரையில் இருந்த ஒலிபெருக்கி ‘மூணாம் மாடி’ பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது. உள்ளே பல் ராவும் இயந்திரம் அதைவிடச் சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தது. பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர். ஒரு கன்னம் மட்டும் அடுத்தவர் வீட்டிலிருந்து கடன் வாங்கியதுபோல வீங்கியிருந்தது. அவர் என் பக்கம் சாய்ந்து சொன்னார்:

“இந்தப் பாட்டுக்கு டிரம்ஸ் வாசிச்சது நான்தான்.”

நம்பினேன். பல்வலியோடு இருக்கிறவனுக்குப் பொய் சொல்லத் தெம்பு ஏது?

2

அந்தப் பாட்டைத் தெரியாதவர் இருக்க முடியாது. நாட்டுப்புற மெட்டை எடுத்து அதன் தோளில் மின்சாரக் கிட்டாரை மாட்டிவிட்ட காலத்துப் பாட்டு. ஆனால் முழுப் பாட்டும் தெரிந்தவர்கள் குறைவு. எல்லோரையும் போல எனக்கும் தொடக்க வரிகள் மட்டும்தான் தெரியும்:

மூணாம் மாடி விளக்கணைச்சு
மெல்ல இறங்கி வந்தா
யாரோ போட்ட கோட்டைப் போட்டு
எங்கிட்ட சிரிச்சு நின்னா

மிச்சம் ஊரார் சொல்லிக் கேட்டதுதான். கதை என்று பார்த்தால் ஒன்றும் இல்லை. தெருவில் ஒருவன் நிற்கிறான். மாடியிலிருந்து ஒரு பெண் வேறு யாருடைய கோட்டையோ போட்டுக்கொண்டு இறங்கி வருகிறாள். சிரிக்கிறாள். தெருக்கோடி வரை நடக்கிறாள். திரும்பி மேலே போய்விடுகிறாள். அவ்வளவுதான்.

இதற்குத்தான் இத்தனை பாடு. அந்தப் பெண் சுதந்திரத்தைக் குறிக்கிறாள், மூன்று மாடியும் மூன்று வர்க்கங்கள் என்று ஒரு பேராசிரியர் ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கினார். பாட்டில் பெண்ணே கிடையாது என்று நிரூபித்து அவருடைய மாணவர் இன்னொரு பட்டம் வாங்கினார். ‘அந்த வீடு எங்கள் ஊரில்தான் இருக்கிறது’ என்று மூன்று ஊர்கள் சொந்தம் கொண்டாடின. ஒரு ஊரில் அந்த வீட்டுக்கு இரண்டு மாடிதான் இருந்தது. அதனால் என்ன, மூன்றாவதைக் கட்டிவிட்டுப் பார்வையாளர்களை அனுமதித்தார்கள்.

பாடகரைக் கேட்டால் போதுமே என்பீர்கள். கேட்டார்கள். ஒருவரிடம் அது என் தாய் என்றார். இன்னொருவரிடம் ஒரு நர்ஸ் என்றார். மூன்றாவது ஆளிடம் அது ஒரு பூனை என்றார். பூனைக்கு எதற்குக் கோட்டு என்று அந்த நிருபருக்குக் கேட்கத் தோன்றவில்லை. போன வருடம் பாடகர் போய்ச் சேர்ந்தார், அர்த்தத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு.

மிச்சம் இருந்தது டிரம்ஸ்காரர் மட்டும்.

3

தொடங்க வேண்டிய இடத்துக்கு வருகிறேன்.

அன்று மழை கொட்டிக்கொண்டிருந்—

(வேண்டாம். மழை பெய்ததாக அவர் சொல்லவில்லை. பற்களின் மேல் ஆணையிட்டுவிட்டு மழையைச் சும்மா வரவழைக்க முடியாது.)

சந்தேகம் என்பது மனித மனத்தின் அடியாழத்தில் ஊறிக்கிடக்கும் ஒரு—

(எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது.)

டிரம்ஸ்காரர் அந்தப் பாட்டின் வரிகளை ஒருநாளும் கேட்டதே இல்லை.

இது இருக்கட்டும். ஏனென்றால் இதுதான் விஷயம்.

4

எப்படிக் கேட்காமல் இருக்க முடியும்? முடியும். ஒலிப்பதிவுக் கூடத்தில் முதலில் டிரம்ஸையும் பேஸ் கிட்டாரையும் எடுத்துவிடுவார்கள். குரல் பிறகு வந்து மேலே உட்காரும். அன்று பாடகருக்குச் சளி. அவர் வரவே இல்லை. மேடையிலோ டிரம்ஸ்காரர் எல்லோருக்கும் பின்னால். பாட்டுச் சத்தம் முன்னால் இருக்கிற ஜனங்களுக்குப் போகிறது. அவர் காலடியில் ஒரு சின்ன ஒலிப்பெட்டி. அதில் வருவது பேஸ் மட்டும். அதைப் பிடித்துக்கொண்டு அவர் பாட்டுக்கு வாசிப்பார். வீட்டில் அந்த ரெக்கார்டைப் போட்டதில்லையா என்று நானும் கேட்டேன்.

“நாள் முழுக்க ஆபீஸ்ல உக்காந்தவன் ராத்திரி வீட்டுலயும் ஃபைலைப் பிரிப்பானா?” என்றார்.

ரசிகர்கள் அர்த்தம் கேட்டால் அவரிடம் தயாராக ஒரு பதில் இருந்தது: “அது கேக்குறவங்க மனசுல இருக்கு.” இதைச் சொன்னதும் எல்லோரும் ஆழமாகத் தலையாட்டுவார்கள். சிலர் கையைப் பிடித்து அழுதும் இருக்கிறார்கள்.

வானொலி நிலையத்துப் பெண் அப்படித் தலையாட்டவில்லை. பாட்டின் பின்னணியும் பொருளும் பற்றி நிகழ்ச்சி செய்ய வந்தவள். வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, கொடுத்த டீயைத் தொடாமல், நேராகக் கேட்டாள்.

“சார், அந்தச் செவப்புப் பட்டன் யாரோடது?”

“எந்தப் பட்டன்?”

“விளையாடாதீங்க சார். ரெண்டாவது சரணம்.”

“நாங்க வரியெல்லாம் கவனிக்கிறதில்லம்மா.”

“நீங்க வாசிச்ச பாட்டு சார்!”

அவள் தன் ஹெட்ஃபோனைக் கழற்றி அவர் தலையில் மாட்டினாள். இறந்துபோன நண்பனின் குரல் காதுக்குள் வந்து உட்கார்ந்தது.

நாலு பட்டன் கறுப்பு அதிலே
நடுவுல ஒண்ணு செவப்பு
என்ன கதைன்னு கேக்காம விட்டேன்
இன்னைக்கும் அதுதான் தவிப்பு

டிரம்ஸ்காரர் ஹெட்ஃபோனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவருக்கு அந்தக் கோட்டைத் தெரியும். அது அவருடையது.

“நாளைக்கு மைக்கோட வாம்மா. சொல்றேன்,” என்றார்.

5

(இங்கிருந்து அவர் மண்டைக்குள் போகிறேன். அனுமதி வாங்கவில்லை.)

அந்தப் பாட்டு வந்த வருடம் அவர் ஒரு பயணிகள் கப்பலில் வாசிக்கப் போயிருந்தார். கல்யாணமான புதிது. போகிற இடமெல்லாம் வெயில் என்பதால் கறுப்புக் கோட்டை வீட்டில் விட்டுப் போனார். போகும்போது அதில் ஐந்து கறுப்புப் பட்டன். திரும்பி வந்தபோது நடுப் பட்டன் சிவப்பு. அப்போது அதை அவர் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. கோட்டும் சீக்கிரமே பழசாகி எங்கோ போனது.

அப்படியானால் சிவப்புப் பட்டனோடு அந்தக் கோட்டை, அவர் இல்லாத மாதங்களில், பாடகர் எங்கே பார்த்தார்? யார் உடம்பில் பார்த்தார்?

ஒன்று கிடைத்ததும் மற்றவை தாமாக வந்து வரிசையில் நின்றன. இவர் கப்பலிலிருந்து இறங்கியதும் பாடகர் புதுப் பாட்டு என்று தாளம் சொல்லிக்கொடுத்தார். வார்த்தை போடாமல் வெறுமனே முனகித்தான் காட்டினார். “வரி இன்னும் படியலடா.” காலடி ஒலிப்பெட்டியில் பேஸ் மட்டும் போதும் என்று முதன்முதலில் சொன்னது யார்? பாடகரேதான். “உனக்குப் பாட்டு எதுக்குடா? தாளம் குழம்பிடும்.” எவ்வளவு அக்கறை! மேடைக்கு மேடை தானே குனிந்து அந்தப் பெட்டியின் குமிழைத் திருகி வைப்பார்.

வீடு? அப்போது குடியிருந்தது இரண்டாம் மாடி. டிரம்ஸ்காரருக்கு மூச்சு வந்தது. உடனே நின்றது. தரைத்தளத்தையும் சேர்த்து எண்ணினால் மூன்று. பாடகர் ஒவ்வொரு முறையும் வாசலில் மூச்சிரைத்துக்கொண்டு நின்று என்ன சொல்வார்?

“உன் மூணாம் மாடி என் உசிரை வாங்குதுடா.”

நாளை மைக் வரும். கோட்டு என்னுடையது என்றால், ஊரெல்லாம் முணுமுணுக்கும் பாட்டில் தன் மனைவி இறங்கி வருகிறாள். தெரியாது என்றால், சாகும்வரை தெரியாது என்றே சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அதுகூடப் போகட்டும். இத்தனை வருடம் ஒரே மேசையில் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவள் யார் என்பதே இப்போது சந்தேகத்தில் கிடந்தது.

6

மனைவியை எழுதுவதில் எனக்குச் சிக்கல். அவள் கண்களில் ஒரு கணம்—

(அவள் கண்களில் எதுவும் வரவில்லை. அவர் சொன்னபடி அவள் சாதாரணமாகத்தான் இருந்தாள். குற்றமுள்ளவள் இவ்வளவு சாதாரணமாக இருப்பாளா? குற்றமில்லாதவள்தான் இருப்பாளா? இந்தப் பாத்திரத்தை நானே நம்பவில்லை. நீங்களும் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.)

சலவைக் கடை ஒன்றில் துணிகளை வாங்கிக் கொடுக்கும் மேசையில் வேலை பார்த்தவள். ஓய்வு பெற்ற பிறகும் வீட்டுத் துணியை மடிப்பு நேராக இல்லாமல் அலமாரிக்குள் விடமாட்டாள். வானொலிப் பெண் போனதும் அவர் உள்ளே வந்தபோது கையில் உலர்ந்த படுக்கை விரிப்போடு நின்றாள்.

“நல்ல நேரத்துல வந்தீங்க. அந்தப் பக்கம் பிடிங்க.”

பிடித்தார். ஆளுக்கு இரண்டு முனை. நடுவில் வெள்ளைத் துணி.

“நம்மகிட்ட ஒரு கறுப்புக் கோட்டு இருந்துச்சே.”

“கப்பலுக்குப் போறப்ப மறந்துட்டுப் போனீங்களே, அதுவா?”

“மறக்கல. விட்டுட்டுப் போனேன்.”

“சரி, விட்டுட்டுப் போனீங்க.” முனையோடு முனை சேர்க்க அவர் அருகே வந்தாள். சேர்த்தாள். விலகினாள்.

“அதுல நடுப் பட்டன் செவப்பா இருந்துச்சு. எப்ப தெச்ச?”

“பழைய பட்டன் எப்ப விழுந்துச்சோ, அப்ப.”

“வீட்டுல கறுப்புப் பட்டனே இல்லையா?”

“என்னங்க இது, போலீஸ் விசாரணையா? இழுத்துப் பிடிங்க, தொங்குது.” உதறினாள். “கடையில பட்டன் இல்லாம வர்ற கோட்டுக்கெல்லாம் செவப்புப் பட்டன்தான் வெச்சுக் குடுப்போம். வர்றப்பவே பட்டன் இல்லன்னு பளிச்சுனு கண்ணுல பட்டா, நீங்கதான் பட்டனைத் தொலைச்சீங்கன்னு யாரும் சண்டைக்கு வரமாட்டாங்க. இந்த ஊர்ல பாதி ஆம்பளைங்க செவப்புப் பட்டனோடதான் திரிஞ்சாங்க.”

“நான் ஒருத்தரைக்கூடப் பாத்ததில்லையே.”

“நீங்க எதைத்தான் பாத்தீங்க?”

(எனக்கும் சந்தேகமாக இருந்தது. எங்கள் பக்கத்துச் சலவைக் கடையில் போய் விசாரித்தேன். ‘அப்படியும் செய்யலாமே, நல்ல யோசனை’ என்றார்கள். இதை ஆதாரமாக எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம்.)

மறுபடி அருகே வந்தாள். துணி கால்வாசியாகிவிட்டது. இருவரும் மூச்சு படும் தூரத்தில்.

“அது பாட்டுல வருது,” என்றார்.

“வருது.”

“உனக்குத் தெரியுமா?”

“நல்லா கேட்டீங்க. நான் முன் வரிசையில உக்காந்து கேக்குற பாட்டுதானே?”

“எனக்குத் தெரியாது. இப்பத்தான் கேட்டேன்.”

சிரித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

“சும்மா சொல்லாதீங்க.”

“நெசமாத்தான். இன்னைக்குத்தான் வரியே காதுல விழுந்துச்சு.”

விரிப்பு அவள் கையிலிருந்து நழுவி, மடித்த மடிப்பெல்லாம் அவிழ்ந்து, தரையில் விழுந்தது. இருவரும் குனியவில்லை.

“அப்ப அந்த அடி?”

“எந்த அடி?”

“‘செவப்பு’ன்னு அவர் இழுத்து முடிக்கிறப்ப ஒண்ணு அடிப்பீங்களே! அதுவரைக்கும் கம்பி பிரஷ்ஷை வெச்சுத் தடவிக்கிட்டே இருப்பீங்க. அந்த இடத்துல மட்டும் குச்சியை எடுத்து, டம்முன்னு. ஒவ்வொரு கச்சேரியிலயும் அது என் நெஞ்சுல விழும். ‘இந்த மனுஷனுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு, தெரிஞ்சும் இத்தோட விட்டுட்டேன்னு சொல்றாரு’ன்னு நெனச்சுக்குவேன். வீட்டுக்கு வந்து உங்க முகத்தைப் பாப்பேன். சோறு போடுன்னு கேப்பீங்க. எவ்வளவு பெரிய மனசுன்னு...”

“அது பேஸ் மாறுற இடம்மா. அங்க ஒண்ணு போட்டாத்தான் அடுத்த சரணம் எடுக்க முடியும்.”

டிரம்ஸ்காரர் மெதுவாகக் கேட்டார்:

“எல்லாம் தெரிஞ்சிருக்குன்னியே... எல்லாம்னா என்ன?”

7

சரியாக இந்த இடத்தில் பல் மருத்துவரின் உதவியாளர் கதவைத் திறந்து, “அடுத்த ஆள்,” என்றாள். அடுத்த ஆள் அவர்தான். எழுந்து போனார். அவர் வெளியே வந்தபோது வாயில் பஞ்சு, பாதி முகம் மரத்துக் கிடந்தது. “அவங்க என்ன சொன்னாங்க?” என்று கேட்டேன். “ம்ஃபா,” என்றார். அதை நான் நெடுநேரம் ஆராய்ந்தேன். உள்ளே என் முறை வந்துவிட்டது.

அதனால் முடிவை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அவள் சொல்லிவிட்டாள் என்று வைத்துக்கொள்ளலாம். கப்பலிலிருந்து ஏதாவது தகவல் உண்டா என்று கேட்க வந்த பாடகர் மாடியேறச் சோம்பல்பட்டுத் தெருவில் நின்றே கூப்பிட்டார். குளிருக்குக் கைக்குக் கிடைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு இறங்கினாள், சிரித்தாள், தெருக்கோடி வரை நடந்தாள், திரும்பினாள். பாட்டில் இருப்பது மட்டும்தான் நடந்தது, அதற்கு மேல் எதுவுமே இல்லை. இந்த முடிவில் ஒரே குறை, இதைக் கணவர், பேராசிரியர், நீங்கள், யாருமே நம்பப்போவதில்லை.

அவள் ஒன்றும் சொல்லவில்லை என்றும் வைத்துக்கொள்ளலாம். தரையில் கிடந்த விரிப்பின் இரு முனைகளை எடுத்து நீட்டினாள். அவர் மற்ற இரண்டைப் பிடித்தார். மறுநாள் மைக் வந்தது. சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. “அது கேக்குறவங்க மனசுல இருக்கு,” என்றார் டிரம்ஸ்காரர், வாழ்நாளில் முதல்முறையாகப் பொருள் தெரிந்து. சமையலறையில் பாத்திரச் சத்தம் மறுபடி தொடங்கியது. எனக்கு இது பிடித்திருக்கிறது. பிடித்திருப்பதாலேயே இதன்மேல் எனக்குச் சந்தேகம்.

அல்லது, “அது என் கோட்டு,” என்று அவர் மைக்கில் சொல்லிவிட, நான்காவதாக ஒரு ஊர் கிளம்பி—

(நிறுத்திக்கொள்கிறேன்.)

எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் சத்தியம் செய்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இவ்வளவையும் எழுதி முடித்தபின், நேற்று மாலை அந்த ரெக்கார்டைத் தேடி வாங்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரை உட்கார்ந்து கேட்டேன். ஒரு கிட்டார், ஒரு மவுத் ஆர்கன், ஒரு குரல். அந்தப் பாட்டில் டிரம்ஸே கிடையாது.