எங்கப்பா கடை

என் தோளில் சாய்ந்து வாய் லேசாகத் திறந்தபடி மகள் தன்ஷிகா தூங்குகிறாள், ஜன்னல் காற்றில் அவள் முடி என் கன்னத்தில் வந்து விழுகிறது, ஒதுக்கிவிட மனமில்லை, கவுந்தப்பாடி போய்ச் சேர இன்னும் நேரமிருக்கிறது, ஈரோட்டுக் கோர்ட்டை விட்டு வெளியே வந்ததிலிருந்து முதுகிலிருந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்தது போலிருக்கிறது, கண் தானாகச் சொருகுகிறது, சொருகினால் பேக்கரி வருகிறது, சூடான பன் வாசனை வருகிறது, கல்லாவில் இவளுடைய அப்பா உட்கார்ந்திருக்கிறார், தன்ஷிகா அப்போது கைக்குழந்தை, அவளைக் கல்லா மேசைமேல் உட்காரவைத்து, டீ குடிக்க வருகிறவர்களிடமெல்லாம், இவதானுங்க முதலாளி, நான் வெறும் வேலைக்காரன் என்கிறார், எல்லோரும் சிரிக்கிறார்கள், நானும் சிரிக்கிறேன், அன்றைக்கு விளையாட்டாகச் சொன்னதையே பிற்பாடு பிரமாணப் பத்திரமாகக் கோர்ட்டில் எழுதிக் கொடுப்பார் என்று யார் கண்டது.

எங்களுக்குள் என்ன நடந்தது என்பதை இப்போது கிளறி என்ன ஆகப் போகிறது, பேச்சு வளர்ந்தது, வளர்ந்துகொண்டே போனது, ஒருநாள் அவளைக் கையில் பிடித்துக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன், அதோடு அவர் பணம் தருவதும் நின்றது, புடவைக் கடையில் நின்று நின்று நான் வாங்குகிற சம்பளம் வாடகைக்கும் வயிற்றுக்கும் சரியாகப் போகிறது, ஸ்கூல் வேனை நிறுத்தினேன், நீச்சல் வகுப்பை நிறுத்தினேன், போன மாதம் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு, ஃபீஸ் கட்ட முடியலைன்னா டிசி வாங்கிக்குங்க என்று சிரித்த முகமாகவே சொன்னார்கள், அவள் அப்போது என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள், வெளியே வந்ததும், பரவால்லம்மா என்றாள், அந்தப் பரவால்லம்மாவைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, அதற்காகத்தான் வக்கீல் லோகநாயகியிடம் போனேன், குழந்தைக்கு ஜீவனாம்சம் எவ்வளவுங்க கிடைக்கும் என்று கேட்டேன், அந்தம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இதுக்குன்னு ஒரே வாய்ப்பாடு கிடையாதுங்க, அப்பனுக்கு என்ன வருமானம், உங்களுக்கு என்ன வருது, குழந்தைக்கு என்ன செலவாகுது, அப்பன் கூடவே இருந்திருந்தா எப்படி வளர்ந்திருப்பா, அத்தனையும் வெச்சுப் பார்த்துத்தான் ஜட்ஜம்மா முடிவு பண்ணுவாங்க என்றார், அங்கேதான் வந்தது வினை, அவர் கோர்ட்டில், கடை எங்கண்ணன் பேர்ல இருக்குது, நான் சம்பளத்துக்கு நிக்கறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார், லைசென்ஸ் முதற்கொண்டு அண்ணன் பெயருக்கு மாறியிருந்தது, காகிதத்தைக் காகிதத்தால்தானே வெல்ல வேண்டும், என்னிடம் என்ன காகிதம் இருந்தது.

இன்று காலை நீதிபதியம்மா எங்களைத் தன் அறைக்குள் கூப்பிடுகிறார், குழந்தையை முன்னால் வரச் சொல்கிறார், உனக்கு என்ன கண்ணு வேணும் என்கிறார், ஒண்ணும் வேண்டாங்க, எங்ககிட்ட எல்லாம் இருக்குதுங்க என்கிறாள் இவள் பட்டென்று, யார் வீட்டுக்குப் போனாலும் எதுவும் வேண்டாமென்றுதான் சொல்ல வேண்டும் என்று நான்தானே சொல்லிச் சொல்லி வளர்த்தேன், கோர்ட்டில் மட்டும் வேறு மாதிரி சொல் என்று சொல்லத் தோன்றவில்லையே, பாருங்கம்மா, குழந்தையே சொல்லுது என்று அவருடைய வக்கீல் குழைகிறார், லோகநாயகி என் காலை மிதிக்கிறார், நான் என்ன செய்ய, நீதிபதியம்மா ஒரு கணம் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளிடம் திரும்பி, வேணுங்கறதை விடு, முன்னாடி இருந்து இப்ப நின்னு போனது என்னென்ன, அதைச் சொல்லு என்கிறார், கேட்பது வேறு, சொல்வது வேறு அல்லவா, சொல்வதற்கு நான் தடை போட்டதில்லை, வேன் நின்னுருச்சுங்க, நீச்சல் நின்னுருச்சுங்க, ஸ்கூலும் நிக்கப்போகுதுங்க என்கிறாள், உடனே அந்த வக்கீல், எங்க கட்சிக்காரர் என்னங்கம்மா பண்ணுவார், அண்ணன் கடையில மாசச் சம்பளத்துக்கு நிக்கற ஆள் என்றதும் இவளுக்கு வந்ததே கோபம், இல்லைங்க, அது எங்கப்பா கடை, எங்கப்பாதான் முதலாளி, பெரியப்பா எப்பவாச்சும் வருவாங்க, வந்தா தேங்காய் பன் தின்னுட்டுப் போயிருவாங்க, மாஸ்டருக்கெல்லாம் சம்பளம் தர்றதே எங்கப்பாதான், எங்கப்பாவப் போயி வேலைக்காரர்னு சொல்றீங்க என்று கண் கலங்க நின்றாள்.

நீதிபதியம்மா அவரைப் பார்த்து, என்னங்க மோகனசுந்தரம், பாப்பா சொல்றது நெசமா என்றார், வக்கீல் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தது எனக்கே தெரிந்தது, அவர் இவளைப் பார்த்துக்கொண்டே நின்றார், என்னிடம் பொய் சொல்லலாம், சட்டத்திடம் சொல்லலாம், இவள் முன்னால் சம்பளக்காரனாக மட்டும் அவரால் நிற்க முடியவில்லை, பாப்பா சொல்றது சரிதானுங்கம்மா, கடை என்னோடதுதானுங்க என்றார், எத்தனையோ காலத்துக்குப் பிறகு அந்த ஒரு நிமிஷம் அவரை எனக்குப் பிடித்திருந்தது, அதை மறைத்து என்ன, நீதிபதியம்மா கண்டிக்க வேண்டியதைக் கண்டித்தார், பத்திரத்தைத் திருத்தி எழுதித் தரச் சொன்னார், அதுவரைக்கும் மாதாமாதம் இவ்வளவு என்று சொன்ன தொகை நாங்கள் கேட்டதைவிடக் கொஞ்சம்தான் குறைவு, ஃபீஸைத் தனியாக நேரே பள்ளியில் கட்டிவிட வேண்டும் என்றார், எனக்கு அது போதும், வராந்தாவில் இவள் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து, அவங்க ஏம்ப்பா உங்களை அப்படிச் சொன்னாங்க என்று கேட்க, அவர் என்னைப் பார்த்தார், தெரியாம சொல்லிட்டாங்க கண்ணு என்றேன் நான், அவர் தலையைக் குனிந்துகொண்டார், கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார், பன் வாசனை வருகிறது, ஃபீஸ் கட்டியாச்சுங்களா என்று யாரோ கேட்கிறார்கள், கட்டியாச்சு என்கிறேன், கட்டியாச்சு கட்டியாச்சு என்கிறேன், யாரோ என் கன்னத்தைத் தட்டுகிறார்கள், அம்மா, எந்திரிம்மா, கவுந்தப்பாடி தாண்டிருச்சு, என் தலை அவளுடைய சின்னத் தோளில் கிடக்கிறது, எவ்வளவு நேரமாகத் தாங்கிக்கொண்டிருந்தாளோ, ஏன்டி முன்னாடியே எழுப்பல என்றேன், நீ நல்லாத் தூங்குனம்மா, அதான் விட்டுட்டேன் என்றாள், முன்னால் நின்ற கண்டக்டர், தூங்கறதுக்கா பஸ்ஸு என்று கத்தினார், அடுத்த ஸ்டாப்புக்கு ரெண்டு டிக்கெட் குடுங்க என்று சொல்லிவிட்டு நான் மறுபடியும் அவள்மேல் சாய்ந்துகொண்டேன்.