மேக மணி பிந்திய வருஷம்

1626ஆம் வருஷம் மே மாதம், ஜெர்மன் மலையடியில் இருக்கும் எங்கள் எல்ஸ்பாக் ஊரில் விழுந்த ஆலங்கட்டி நவம்பர் வரைக்கும் கரையவில்லை. கோழிமுட்டை அளவில் தெருவெல்லாம் கிடந்தது. ஜூலை வெயிலில் வண்டிகள் அதை நொறுக்கிக்கொண்டு போயின, பெண்கள் வெண்ணெய்ச் சட்டியை அதற்குள் புதைத்து வைத்தார்கள். அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. திராட்சைக் கொடி ஒன்றுகூட மிஞ்சவில்லை, பேச்செல்லாம் அதைப் பற்றித்தான்.

கருமேகம் மலைக்கு மேல் தலை காட்டினால் மாதா கோயில் மணியை அடித்து அதை விரட்டுவது கோயில்பிள்ளையின் வேலை. அதற்குத்தான் அறுவடைக்கு அறுவடை வீட்டுக்கு ஒரு ஜாடி ஒயின் அவருக்குப் போகும். அன்றைக்குக் கோயில்பிள்ளை வைட், மச்சினன் குழந்தையின் ஞானஸ்நான விருந்தில் குடித்துவிட்டு மேசையிலேயே தலை சாய்த்துத் தூங்கிவிட்டார். ஓடிப்போய்க் கயிற்றைப் பிடிக்கும்போது மேகம் கொட்டி முடித்திருந்தது. மறுநாள் கோயில் வாசலில் ஊரே கூடி நின்றது. கொல்லன் ப்ளாசியுஸ்தான் ஆரம்பித்தான்: "யோவ் வைட், ஜாடி தூக்க மட்டும் கைக்கு வலு வந்துருதோ?" எல்லாரும் சிரித்தார்கள், சிரிப்பு நல்ல சிரிப்பு இல்லை. வைட் பயந்துபோய், கயிறு இறங்கவே இல்லை, யாரோ மணி மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்கள் என்றார். யார் என்று கேட்டதற்குப் பெயர் சொல்லவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் நின்ற விதவை குனிகுண்டாவைப் பார்த்தார், அவ்வளவுதான். ஊரும் பார்த்தது. பால் கேட்டும் மாவு கேட்டும் வந்த அவளை வெறுங்கையோடு விரட்டாத வீடு கிடையாது. அவள் முணுமுணுத்துக்கொண்டே போனது அத்தனை பேருக்கும் ஞாபகம் வந்தது. தப்பு செய்தவனுக்குத்தான் சாபத்தின் மேல் நம்பிக்கை அதிகம்.

சூனியக்காரி என்று புகார் போனதும், ஆயர் ஒரு விசாரணைக்காரரை அனுப்பினார். சட்டம் படித்தவராம். குனிகுண்டாவின் கையைப் பின்னால் கட்டிக் கயிற்றில் தூக்கினார்கள். இரண்டு நாள் இல்லை என்றாள், மூன்றாம் நாள் ஆமாம் என்றாள். ஒருத்தி தனியாகவா பிசாசோடு ஆடியிருப்பாள், கூட ஆடியது யார் என்று மறுபடி தூக்கினார்கள். ஊரில் அவளுக்குக் கதவு திறந்தவள் ஒருத்திதான். வைட்டுக்குத் தெரியாமல் கொல்லைப்பக்கம் பால் ஊற்றிக் கொடுத்த அவர் மனைவி ஒட்டிலியா. வலியில் அந்தக் கிழவியின் வாய்க்கு வந்தது அந்தப் பெயர் ஒன்றுதான்.

ஒட்டிலியாவையும் பிடித்துக்கொண்டு போனதும் வைட் விசாரணைக்காரரின் காலில் போய் விழுந்தார்.

"ஐயா, நான் சொன்னது பொய்யி. மணி மேல ஒருத்தரும் உக்காரல. கயிறு லேசாத்தான் இருந்துச்சு. குடிச்சுட்டுத் தூங்கிட்டேன்."

விசாரணைக்காரர் கோபப்படவில்லை. நாற்காலி போடச் சொன்னார். "எத்தன கோப்பை குடிச்ச?"

"நாலு, ஐயா."

"வழக்கமா?"

"ஏழு எட்டு தாங்கும்."

"அப்ப நாலுலயே தூக்கம் எப்படி வந்துச்சு? ஊத்திக் குடுத்தது யாரு?"

வைட் பொய் சொல்லக் கூடாது என்று தீர்மானம் பண்ணிக்கொண்டு வந்த மனுஷர். "என் பொண்டாட்டிதான்" என்றார். எழுத்தர் அதை எழுதிக்கொண்டு, மை காய மணல் தூவினார்.

அன்று சாயங்காலம் சிறைக் கம்பி வழியாக ஒட்டிலியா அவரிடம் அதிகம் பேசவில்லை. "உண்மையச் சொல்றவரு ஒரு மாசம் முன்னாடி சொல்லிருக்கணும். போங்க, மாட்டுக்குத் தண்ணி காட்டுங்க" என்றாள்.

இரண்டு பேரையும் ஒரே நாளில் எரித்தோம். எரித்தார்கள் என்று சொல்ல மாட்டேன், விறகு வீட்டுக்கு வீடு நாங்கள் கொடுத்ததுதான். புகை மேலே போகவில்லை. மேய்ச்சலிலிருந்து திரும்பும் மாடு மாதிரி தெருவில் இறங்கி வந்து, வாசல் வாசலாக நுழைந்து, கட்டிலடியிலும் மாவுத் தொட்டியிலும் தங்கிவிட்டது. சாமியார் தீர்த்தம் தெளித்துப் பார்த்தார், அவர் அங்கியிலும் ஏறிக்கொண்டது. ஒரு வருஷத்தில் பழகிப்போனது. வேறு ஊருக்கு வேலைக்குப் போகும் எங்கள் பிள்ளைகள், அங்கே ரொட்டியில் வாசனையே இல்லை, தொண்டையில் இறங்கவில்லை என்று திரும்பி வந்துவிடுகிறார்கள்.

வைட்டின் வீட்டுக்குள் மட்டும் அந்தப் புகை நுழையவில்லை. நிலைப்படி வரை வரும், திரும்பிப் போய்விடும். பதினெட்டு வருஷமாக, ஜனவரிப் பனியிலும், கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். குளிருது, சாத்தும் என்று யாரும் அவரிடம் சொல்வதில்லை.