ஏழாவது இதழ்

கோரல் கொண்டுவந்த ரெசின் பட்டன்களில் ஒன்றை நைரி கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். ரேகை அப்படியே பதிந்தது.

"மூணு நாளாச்சுடி, இன்னும் பிசுபிசுன்னு ஒட்டுது," என்றாள் கோரல்.

"ராத்திரி மைனஸ் எட்டுக்குப் போவுது. ஷெட்டுல போட்டு வெச்சா எப்படி இறுகும்?"

நியூசிலாந்தின் ரான்ஃபர்லி ஊரில் நான்கு குளிர்காலங்களில் எத்தனையோ வார்ப்புகளைக் குப்பையில் கொட்டித்தான் நைரி அதைக் கற்றிருந்தாள். கலப்பதற்கு முன் ரெசின், அதை இறுக வைக்கும் திரவம் என்ற இரண்டு புட்டிகளையும் வெதுவெதுப்பான நீரில் நிறுத்த வேண்டும். சிலிக்கோன் அச்சையும் சூடேற்ற வேண்டும். ஊற்றியபின் வெந்நீர்ப் பையோடு தெர்மாகோல் பெட்டியில் ஒருநாள் மூடிவைக்க வேண்டும். யாரிடமும் சொல்லாததைக் கோரலிடம் சொன்னாள். நைரியின் கணவன் ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு மாதமும் அவளுடைய ஆடுகளுக்குத் தீனி வைத்தவள் கோரல்தான்.

கிளம்பும்போது, நைரி மரத்தில் செதுக்கிய பூ பட்டனைக் கோரல் எடுத்துக்கொண்டாள். "நான் பின்னுற கார்டிகனுக்கு காஜா அளவு பாத்துட்டு நாளைக்கே தர்றேன்." சொன்னபடியே மறுநாள் திருப்பிக் கொடுத்தாள்.

ஆகஸ்டில் நைரி அந்தப் பூவை வைத்து வார்த்த தன் பட்டன்களோடு டனீடன் நகரத்துக் கம்பளிக் கடைக்குப் போனாள். பெட்டியைத் திறந்த கடைக்காரம்மா முகம் சுளித்தாள்.

"இது கோரலோட டிசைனாச்சே. அப்படியே காப்பி அடிச்சிருக்கீங்க?"

அலமாரியில் தொங்கிய கோரலின் கார்டிகனை நைரி புரட்டினாள். ஏழு இதழ். செதுக்கும்போது உளி வழுக்கி ஏழாவது இதழின் ஓரத்தில் விழுந்த கீறல்கூட அப்படியே இருந்தது. அந்த ஒரே இரவில் கோரல் அதில் அச்சு எடுத்திருக்கிறாள்; அச்சு எதையும் விட்டுவைப்பதில்லை. ஒரு பட்டனில்கூடப் பிசுபிசுப்பு இல்லை. சொல்லிக் கொடுத்தபடியே சுத்தமாக இறுகியிருந்தன. 'இது என்னுடையது' என்று சொல்ல வாய் திறந்தாள். கடைக்காரம்மாவின் பார்வை திருடியைப் பார்ப்பதுபோல இருந்ததால் பெட்டியை மூடிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

நேராகக் கோரல் வீட்டுக்கு வண்டியை விட்டாள். கதவைத் திறந்த கோரல் அவள் கையிலிருந்த பெட்டியைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே, கோரல்."

"கேட்டா நீ வேற ஒண்ணு செதுக்கித் தருவே. எனக்கு அதுதான் வேணும்னு தோணுச்சு." கோரல் கண்ணைத் தாழ்த்தவில்லை. "நீ எத்தனை வருஷமா டப்பாவுல பூட்டி வெச்சிருந்தே? ஒரு பட்டனுக்குப் போய்... உள்ள வா, டீ போடறேன்."

கோரல் உள்ளே போனாள். உள்ளிருந்து சூடும் ஸ்கோன் ரொட்டி மணமும் வந்தன. எப்போதும்போல நைரியின் கோப்பை மேசையில் எடுத்து வைக்கப்படும் சத்தமும் கேட்டது.

நைரி உள்ளே போகாமல் கொல்லைப்புறமாகச் சுற்றி வண்டிக்கு நடந்தாள். கொடியில் கோரலின் புருஷனுடைய ஸ்வெட்டர் உறைந்து, இரு கைகளையும் விரித்தபடி வழிமறித்து நின்றது. தோளால் ஒதுக்கினாள். அது மடங்காமல், பலகைபோல அப்படியே திரும்பி, அவள் போன பக்கமே பார்த்து நின்றது.