சூடேறிய புல்

கூண்டருகே யார் போனாலும் கீச்சிட்டு ஊரைக் கூட்டுகிற கினிப்பன்றிகள் இரண்டும் அந்த வாரம் மூலையில் ஒன்றை ஒன்று ஒட்டி உட்கார்ந்துவிட்டன. புல் தீர்ந்து மூன்று நாளாகியிருந்தது. "காய்கறி எவ்வளவு வேணா குடுங்க, காஞ்ச புல்லு இல்லேன்னா பல்லு நீண்டுடும், வயிறு வேலை செய்யாது" என்று கால்நடை டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அவற்றை வளர்க்கும் லிஃப்ட் மெக்கானிக் புல் தேடி ஏறி இறங்காத கடை இல்லை. ஒரு கடையில் பாக்கெட்டைப் பிரித்ததும் தூசி மூக்கில் ஏறியது. இன்னொரு கடையில் புல் என்று சொல்லி வைக்கோலைத் தலையில் கட்டப் பார்த்தார்கள். "பொண்ணு பாக்க வர்றவங்ககூட இத்தனை நொட்டை சொல்ல மாட்டாங்க சார்" என்றார் ஒரு கடைக்காரர்.

அவன் மனைவி ஒரு தையல்கூடத்தில் கட்டிங் மாஸ்டர். சனிக்கிழமை காலை அங்கிருந்து போன் செய்தாள்.

"ஏங்க, எங்க கீழ்த்தளத்துக் குடோன்ல புல்லுக்கட்டு கூரை வரைக்கும் அடுக்கியிருக்காங்க. குதிரைப் பண்ணைக்குப் போற சரக்காம். பச்சையா, நீள நீளமா இருக்கு. வந்து பாருங்களேன்."

மதியம் போனான். புல் வியாபாரி கலகலப்பான ஆள். "ரெண்டு எலிக்குத்தானே தம்பி? வேணுங்கறதை அள்ளிக்க" என்று சிரித்தார்.

நிறம் நன்றாகத்தான் இருந்தது. தூசியும் இல்லை. முகர்ந்து பார்த்தபோதுதான் எதுவோ இடித்தது. புல்வாசனை வரவில்லை, அடுப்பில் சர்க்கரை கருகுகிற மாதிரி ஒரு தித்திப்பு. பதினைந்து வருஷம் லிஃப்ட் மோட்டார் அறைகளில் உழன்று, எது சூடேறினாலும் மூக்கால் கண்டுபிடிக்கிறவனுக்கு அந்த வாசனை பிடிக்கவில்லை. இரண்டு கட்டுகளுக்கு நடுவே கையை விட்டான். வெதுவெதுப்பு. முழங்கைவரை நுழைத்தவன் வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். உள்ளே சுட்டது.

"அண்ணே, உள்ளே கொதிக்குது."

"புதுப் புல்லு அப்படித்தான். மூச்சு விடும்."

"கட்டும்போது ஈரமா இருந்துச்சா?"

"லேசாத் தூறல். அதுக்கென்ன இப்போ?"

அவன் கருவிப் பையிலிருந்து நீளமான இரும்புக் கம்பியை எடுத்து அடுக்குக்குள் செருகிக் காத்திருந்தான். தலைக்கு மேலே தையல் மெஷின்கள் விடாமல் ஓடிக்கொண்டிருந்தன. மேலே இருபத்திரண்டு பெண்கள், அவர்களோடு அவன் மனைவியும். இறங்கிவர ஒரே மாடிப்படி, அதுவும் குடோன் கதவை ஒட்டி. பத்து நிமிஷம் கழித்துக் கம்பியை உருவியவன் அலறிக் கீழே போட்டான். உள்ளங்கையில் ஒரு சிவப்புக் கோடு விழுந்திருந்தது.

தீயணைப்பு நிலையத்தில் போன் எடுத்த பெண் பதற்றமில்லாமல் பேசினாள். "ஒரு கட்டைக்கூட அசைக்காதீங்க. ஈரமாக் கட்டின புல்லு உள்ளுக்குள்ளேயே வெந்துக்கிட்டிருக்கும், காத்துப் பட்டா பத்திக்கும். மேல இருக்கறவங்கள முதல்ல இறக்குங்க. வண்டி கிளம்பிடுச்சு."

வியாபாரியின் சிரிப்பு போய்விட்டது. "யாரைக் கேட்டு போன் பண்ணினே? என் பேரைக் கெடுக்கவா வந்தே?"

அவன் மாடிக்கு ஓடினான். விஷயத்தைக் கேட்ட சூப்பர்வைசர், "புல்லு சுடுதுன்னு மெஷினை நிறுத்தணுமா? இன்னிக்கு சரக்கு போயாகணும்" என்றார். மனைவி அவன் உள்ளங்கையைப் பார்த்தாள். கத்திரியை வைத்துவிட்டுப் போய் மெயின் சுவிட்சை அணைத்தாள். மெஷின்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வாயை மூடின.

"எல்லாரும் எந்திரிங்க. பை, செருப்பெல்லாம் அப்புறம். முதல்ல கீழ!"

முணுமுணுத்தபடி கடைசியாக வந்த சூப்பர்வைசரும் எதிர்சாரிக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கிருந்து பார்த்தால், ஒன்றுமில்லை என்று காட்டுவதற்காக வியாபாரி கட்டுகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, தொடாதீங்க!"

மூன்றாவது கட்டு வெளியே வந்ததும் அந்தப் பொந்திலிருந்து வெள்ளைப் புகை புறப்பட்டது. பிறகு 'குப்'பென்று ஒரு சத்தம். வியாபாரி சட்டைக்கையில் தீயோடு தெருவுக்கு ஓடிவந்தார். பெண்கள் துப்பட்டாக்களால் அமுக்கி அணைத்தார்கள். அவர்கள் நிமிர்வதற்குள் மாடிப்படி இருந்த இடத்தில் நெருப்பு மட்டும்தான் இருந்தது. சூப்பர்வைசர் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நாம இறங்கி எவ்வளவு நேரம் இருக்கும்?" என்று மனைவி மெதுவாகக் கேட்டாள்.

அதற்குள் தெருமுனையில் தீயணைப்பு வண்டி திரும்பியது.

மறுநாள் காலை இருவரும் நகரத்துக்கு வெளியே ஒரு குதிரைப் பண்ணைக்குப் போனார்கள். காவலாளி ஒரு கட்டைக் காட்டி, "கை விட்டுப் பாருங்க, நல்லாக் காஞ்ச புல்லு" என்றார். அவனுக்குக் கை எழவில்லை. மனைவி சட்டைக்கையை மடித்துவிட்டுத் தோள்வரை நுழைத்தாள். அவள் முகத்தையே பார்த்தபடி அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"சூடு இல்லைங்க," என்றாள்.

கினிப்பன்றிகள் அன்று மதியமே தின்னத் தொடங்கின. மீதிப் புல்லை அவன் மூட்டையில் வைக்க விடவில்லை; பால்கனி முழுக்க மெல்லிசாகப் பரப்பினான். பொழுது சாய்வதற்குள் ஏழெட்டுத் தடவை போய்த் தொட்டுப் பார்த்தான். மனைவி கேலி செய்யவில்லை. அவன் உள்ளே வந்து உட்கார்ந்த பிறகு அவளும் ஒரு தடவை எழுந்து போய்த் தொட்டுவிட்டு வந்தாள்.