நில்லு என்ற பிறகு

திரையில் பச்சை வட்டம் வந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். கூடவே 'பீப்' என்று சத்தம் வந்தால் அழுத்தக் கூடாது. இவ்வளவுதான் பரீட்சை. இது ஒரு பெரிய விஷயமா என்று நக்கலாகச் சிரித்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். சத்தம் கேட்டது. அழுத்தக் கூடாது என்று நன்றாகவே தெரிந்தது. விரல் அழுத்திவிட்டது. ஒருமுறை அல்ல, கிட்டத்தட்ட ஒவ்வொரு முறையும்.

"போன மாசம் உங்க மூளையில ரத்தம் கட்டினது நெத்திக்குப் பின்னால, வலது பக்கம்," என்றார் டாக்டர். "செய்னு சொல்ற இடம் நல்லாத்தான் இருக்கு. நிறுத்துனு சொல்ற இடத்துலதான் அடி. கொஞ்ச மாசம் மெஷின் பக்கமே போகாதீங்க."

நான் அச்சகத்தில் காகிதம் வெட்டுகிறவன். வீட்டில், "எல்லாம் சரியாயிடுச்சு" என்று புளுகினேன். இருபத்திரண்டு வருடம் மெஷினை மிதித்துப் பிசகாத என் காலை ஒரு கம்ப்யூட்டர் குறை சொல்வதா என்ற வீம்பு. அன்று மாலை மனைவி, "பாத்திரம் சுடுது, தொடாதீங்க" என்றாள். அதற்குள் என் கை அதன் மேல் இருந்தது. விரலை ஊதிக்கொண்டே சிரித்து மழுப்பினேன். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் வேலைக்குப் போனேன். எங்கள் மெஷின் அரதப் பழசு. மிதியை மிதித்தால் கத்தி இறங்கும். அந்தப் பக்கம் நின்று காகிதக் கட்டை வைப்பவன் என் மனைவியின் தம்பி. நான் நிற்கும் இடத்திலிருந்து அவன் தெரியமாட்டான், குரல்தான். வைத்துவிட்டு "ம்" என்பான், மிதிப்பேன். தாள் நகர்ந்துவிட்டால் மறுபடி கையை உள்ளே விடுவான். அப்போது மாமாவாவது மரியாதையாவது, "நில்லு" என்றுதான் கத்துவான்.

இரண்டு கட்டு ஒழுங்காக வெட்டினேன். சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. பேசாமல் வீட்டுக்குப் போய்விடலாமா என்றிருந்தது.

மூன்றாவது கட்டு. "ம்" என்றான். உடனே, "நில்லு!"

கேட்டேன். சத்தியமாகக் கேட்டேன். கால் மிதித்துவிட்டது.

கத்தி இறங்கிய சத்தத்தில் எனக்கு உயிரே போய்விட்டது. அலறல் வருமென்று காத்திருந்தேன். வரவில்லை. விழுந்தடித்துக்கொண்டு அந்தப் பக்கம் ஓடினேன். மெஷினை விட்டு இரண்டடி தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, முகம் வெளுத்து நின்றிருந்தான்.

"அக்கா காலையிலேயே சொல்லிச்சு, மாமா," என்றான். "நான் நம்பல. அதான் கையை எடுத்துட்டு, சும்மா சொல்லிப் பார்த்தேன்."

அவன் கைகளை முன்னால் இழுத்து விரல்களை எண்ணினேன். பத்தும் இருந்தன. மறுபடியும் எண்ணினேன். பிறகு மெஷின் சாவியைக் கழற்றி அவன் கையில் வைத்து மூடினேன்.

"நான் எவ்வளவு கேட்டாலும் குடுத்துடாதடா," என்றேன்.